மங்கலான சிசிடிவி வீடியோ: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களையும் மெயில்களையும் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே விஷயம்தான். வீட்டில் கேமரா இருக்கிறது, பதிவும் ஆகியிருக்கிறது, ஆனால் ஆள் யாரென்று தெரியவில்லை, என்ன செய்வது? அதனால் இந்தத் தடவை வேறு எதையும் தொடாமல் இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். கேமரா மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் எனக்குத் தொழில். கையால் செய்து பார்த்ததை மட்டும் வைத்துச் சொல்கிறேன்.

கேள்வி: சார், எனக்கு மளிகைக் கடை. போன வாரம் ராத்திரி 2 மணிக்கு ஷட்டர் பூட்டை உடைத்து, கல்லாவில் இருந்த பணத்தையும் சிகரெட் பண்டலையும் எடுத்துப் போய்விட்டார்கள். 4 கேமரா ஓடுகிறது. ஆள் வருவதும் போவதும் தெரிகிறது, முகம் மட்டும் கலங்கலாக இருக்கிறது. மானிட்டரில் ஓடியதை என் பையன் போனில் வீடியோ எடுத்து வைத்திருக்கிறான். அதைத் தெளிவாக்கித் தர முடியுமா?
– மளிகைக் கடைக்காரர், ஒட்டன்சத்திரம்

பதில்: உங்கள் கடிதம் வந்த அன்றே போனில் கூப்பிட்டுப் பேசிவிட்டேன். ஏனென்றால் "போன வாரம்" என்று எழுதியிருந்தீர்கள், அதைப் படித்ததும் எனக்குப் பதற்றமாகிவிட்டது. உங்களிடம் சொன்னதை மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

2 மெகாபிக்சல் கேமரா ஒன்று 4 எம்பிபிஎஸ் வேகத்தில் பதிவானால் ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிபி, ஒரு நாளைக்கு 43 ஜிபி ஆகும். 4 கேமராவுக்கு நாள் ஒன்றுக்கு 170 ஜிபிக்கு மேல். 1 டிபி டிஸ்க் போட்டிருந்தால் 6 நாள் கூட முழுசாகத் தாங்காது, அதற்குப் பிறகு பழையதன் மேலேயே புதியது எழுதப்பட ஆரம்பித்துவிடும். பதிவை இன்னும் அதிகமாகச் சுருக்கும் எச்.265 முறையில் வைத்திருந்தால் ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு நாள் கிடைக்கும், அவ்வளவுதான். திருட்டு நடந்தால் பூட்டு மாற்றுவதற்கு முன்பே டிவிஆரில் (கேமராப் பதிவைச் சேமிக்கும் பெட்டி) இருந்து அந்த நேரத்துப் பதிவை வெளியே எடுத்தாக வேண்டும். எடுக்கத் தெரியாவிட்டால் டிவிஆரை ஆஃப் செய்துவிட்டு, மாட்டிக் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள். ஆஃப் ஆகி இருக்கும் டிஸ்க்கில் எதுவும் அழியாது.

அடுத்தது, போனில் எடுத்த வீடியோ. மானிட்டரைப் போனில் படம் பிடிக்கும்போது திரையின் கோடுகள், கை நடுக்கம், கண்ணாடியில் விழும் டியூப்லைட் வெளிச்சம் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. அதை வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் அது இன்னொரு முறை நசுக்கிவிடும். "தெளிவாக்கித் தாருங்கள்" என்று என்னிடம் வருவதில் நிறைய இப்படிப் போனில் எடுத்ததுதான். டிவிஆரில் இருந்து நேராக எடுத்துப் போட்டதுமே பாதிப் பிரச்சினை தீர்ந்த கதை எத்தனையோ உண்டு.

எடுக்கும் முறை இதுதான். டிவிஆரின் யூஎஸ்பி துளையில் பென்டிரைவைச் செருகி, மெனுவில் பேக்கப் அல்லது எக்ஸ்போர்ட்டுக்குப் போய், சம்பவத்துக்கு 10 நிமிடம் முன்பிருந்து 10 நிமிடம் பின்பு வரை, 4 கேமராவையும் எடுங்கள். மெயின் ஸ்ட்ரீம் (முழுத் தரப் பதிவு) என்பதைத் தேர்ந்தெடுங்கள், சப் ஸ்ட்ரீம் (தரம் குறைத்தது) வேண்டாம். எம்பி4 ஆகவும் எடுங்கள், அந்த டிவிஆரின் சொந்த ஃபார்மட்டிலும் எடுங்கள், கூடவே அதை ஓட்டும் பிளேயரும் வேண்டுமா என்று மெனு கேட்டால் அதையும் சேர்த்து எடுங்கள். கடைசியாக டிவிஆர் திரையில் என்ன நேரம் காட்டுகிறது, உங்கள் போனில் என்ன நேரம் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். இது எதற்கென்று கீழே வேறொரு கேள்வியில் வருகிறது.

இனி முகம். வீடியோவை ஓட விட்டுப் பார்த்து "தெரியவில்லை" என்று முடிவு கட்டாதீர்கள். விஎல்சி பிளேயரில் போட்டு, கீபோர்டில் ஆங்கில E எழுத்தை ஒவ்வொரு தடவையாகத் தட்டினால் ஒவ்வொரு ஃபிரேமாக, அதாவது தனித்தனிப் படமாக நகரும். வந்தவன் கேமரா இருக்கிறதா என்று ஒரு நொடி அண்ணாந்து பார்த்திருப்பான், அது ஓடும் வீடியோவில் கண்ணுக்குச் சிக்காது. இன்னொன்று, டிவிஆர் எல்லா ஃபிரேமையும் ஒரே மாதிரி சேமிப்பதில்லை. ஒன்றிரண்டு நொடிக்கு ஒரு முழுப்படம் வைக்கும், நடுவில் வருவதெல்லாம் முந்தைய படத்தில் இருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டுமே. அதனால் பொறுமையாகத் தட்டிப் பார்த்தால் அக்கம்பக்கத்து ஃபிரேம்களை விடக் கொஞ்சம் சுத்தமாக ஒன்று கிடைக்க வாய்ப்பு உண்டு. அந்தப் படத்தைத் தனியாக எடுத்து, வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்ட்டையும் மெல்லக் கூட்டிப் பாருங்கள். இருட்டில் மறைந்திருப்பது கொஞ்சம் மேலே வரும். ஷார்ப்னஸை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள், ஓரங்களில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்து இருந்ததும் கெட்டுவிடும். எதைச் செய்தாலும் நகலில் செய்யுங்கள். மூலப் பதிவு இருக்கும் பென்டிரைவ் அலமாரிக்குள் போய்விடட்டும்.

இதற்கு மேல் என்ன கிடைக்கும் என்பதைக் கணக்கே சொல்லிவிடும். கடைகளில் சாதாரணமாக மாட்டும் 2.8 எம்எம் லென்ஸ் ஏறக்குறைய 100 டிகிரி அகலம் பார்க்கும். 5 மீட்டர் தள்ளி நிற்கும் ஆளைச் சுற்றி 12 மீட்டர் அகலம் படத்துக்குள் வந்துவிடும். படத்தின் குறுக்கே இருப்பது 1920 பிக்சல், அதாவது சின்னப் புள்ளி. அதை 12 மீட்டருக்குப் பங்கு போட்டால் மீட்டருக்கு 160 பிக்சல். மனித முகத்தின் அகலம் 16 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் முகத்துக்குக் கிடைப்பது 25 பிக்சல்தான். 10 மீட்டரில் அதுவும் பாதியாகி 12, 13 ஆகிவிடும். கேமரா அமைப்புகளுக்கான 62676 என்ற சர்வதேசத் தரநிலை, முன்பே தெரிந்த ஆளை "இவன்தான்" என்று சொல்ல மீட்டருக்கு 125 பிக்சலும், தெரியாத ஆளை அடையாளம் காட்ட 250 பிக்சலும் வேண்டும் என்கிறது. உங்கள் கல்லா கேமராவில் ஆள் 5 மீட்டரில்தான் நின்றிருக்கிறான். முன்பின் தெரியாத ஒருவர் பார்த்து அடையாளம் சொல்ல அது போதாது. ஆனால் அவனை நன்றாகத் தெரிந்த ஒருவர், நடையையும் தோளையும் சேர்த்துப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியலாம். அதனால் அந்தப் பதிவை மதிப்பில்லாதது என்று நினைக்காமல் அப்படியே காவல் நிலையத்தில் கொடுங்கள்.

கேள்வி: அண்ணா, மங்கலான போட்டோவைப் போட்டால் ஏஐ ஆப் முகத்தை அப்படியே தெளிவாகக் கொண்டுவருகிறது. எங்கள் தாத்தாவின் பழைய போட்டோவுக்கு அருமையாக வந்தது. அதையே சிசிடிவிக்குச் செய்தால் என்ன?
– கல்லூரி மாணவி, கோவை

பதில்: தாத்தா படத்துக்குத் தாராளமாகச் செய்யம்மா. திருடனைத் தேடச் செய்யாதே. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஆப்களை நம்பி ஊரில் நிறைய வேண்டாத காரியம் நடக்கிறது.

12 பிக்சல் அகலத்தில் இருக்கும் முகத்தில் கண் என்பது இரண்டு கட்டம், வாய் என்பது இரண்டு மூன்று கட்டம். அந்த மங்கலுக்குப் பொருந்தக்கூடிய முகங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆப் செய்வது என்ன? தான் பார்த்துப் பழகிய லட்சக்கணக்கான முகங்களில் இருந்து, சுருக்கினால் இதே மங்கல் வரக்கூடிய ஒரு முகத்தைப் புதிதாக வரைகிறது. அழகாக, கண் இமை வரைக்கும் வரைகிறது. அது அந்த ஆளின் முகம் இல்லை.

2020ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட பல்ஸ் என்ற மென்பொருளில் இது எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நடந்தது. பராக் ஒபாமாவின் படத்தைக் கட்டம் கட்டமாக மங்கலாக்கி உள்ளே கொடுத்தார்கள். மங்கலாக இருக்கும்போதே பார்க்கிறவர்களுக்கு அது ஒபாமா என்று தெரிந்தது. மென்பொருள் "தெளிவாக்கி" வெளியே தந்ததோ ஒரு வெள்ளைக்காரரின் முகம். உலகம் முழுக்கத் தெரிந்த ஒருவருக்கே இப்படி என்றால், நம் தெருவில் ராத்திரி நடந்து போன ஒருவருக்கு அது யார் முகத்தை வைக்கும் என்று யோசித்துப் பார்.

நீதிமன்றத்திலும் இது வந்திருக்கிறது. 2021ல் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் ஒரு மதுக்கூடத்துக்கு வெளியே துப்பாக்கிச் சூடு நடந்தது. அங்கிருந்த ஒருவர் செல்போனில் எடுத்த வீடியோவை ஏஐ மென்பொருளால் கூர்மையாக்கி, குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பு சாட்சியமாகக் கொடுத்தது. 2024 மார்ச்சில் நீதிபதி அதை ஏற்க மறுத்துவிட்டார். மூல வீடியோவில் இல்லாத விவரங்களை அந்த மென்பொருள் சேர்க்கிறது என்பதுதான் அங்கே எழுந்த பிரச்சினை.

அப்படியானால் மங்கலை நீக்கவே முடியாதா என்று கேட்பாய். மங்கல் எப்படி வந்தது என்று தெரிந்தால் கொஞ்சம் முடியும். ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியை 1990ல் மேலே அனுப்பிய பிறகுதான் அதன் கண்ணாடியைத் தேய்த்ததில் பிழை என்று கண்டுபிடித்தார்கள். தலைமுடியின் தடிமனில் 50ல் ஒரு பங்கு அளவுதான் பிழை, படமெல்லாம் கலங்கலாக வந்தது. 1993 டிசம்பரில் வீரர்கள் மேலே போய்ச் சரிசெய்யும் வரை, அந்தப் பிழை ஒளியை எப்படிச் சிதறடிக்கிறது என்று கணக்குப் போட்டு, கம்ப்யூட்டரில் அதைத் திருப்பிப் போட்டுத்தான் படங்களைத் தேற்றினார்கள். அங்கே இல்லாத நட்சத்திரம் எதையும் வரையவில்லை, சிதறிய வெளிச்சத்தைத் திரும்பக் கூட்டினார்கள். சிசிடிவியிலும் ஃபோகஸ் லேசாகத் தப்பியதையோ வண்டி ஒரே திசையில் இழுபட்டதையோ இதே வழியில் ஓரளவு திருப்பலாம். ஆனால் டிவிஆர் இடத்தை மிச்சம் பிடிக்கப் பதிவை நசுக்கும்போது நுணுக்கமான பகுதியை முதலிலேயே தூக்கி எறிந்துவிடுகிறது. திருப்பிப் போட அங்கே மிஞ்சுவது கொஞ்சம்தான்.

கேள்வி: எங்கள் தெருவில் ராத்திரி ஒரு பாட்டியின் சங்கிலியை அறுத்துக்கொண்டு பைக்கில் போய்விட்டார்கள். எங்கள் வீட்டுக் கேமராவில் பைக் போவது தெரிகிறது, நம்பர் பிளேட் வெள்ளையாக ஒரு கோடு மாதிரிதான் தெரிகிறது. நம்பரை எடுக்க வழி உண்டா?
– இல்லத்தரசி, மதுரை

பதில்: அந்தப் பாட்டிக்கு உடம்பில் காயம் ஒன்றும் இல்லாமல் இருக்கட்டும்.

ராத்திரியில் வெளிச்சம் போதாததால் கேமரா ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கண்ணை அதிக நேரம் திறந்து வைக்கிறது, பெரும்பாலும் நொடியில் 25ல் ஒரு பங்கு. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக் அந்த நேரத்துக்குள் 33 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பைக் பின்பக்க நம்பர் பிளேட்டில் எண்ணின் உயரமே 4 சென்டிமீட்டர்தான். எழுத்துகள் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக இழுபட்டுவிடும். போதாததற்குப் பிளேட் ஒளியைத் திருப்பி அடிக்கும் வகை. கேமராவின் ஐஆர் வெளிச்சம் (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம்) நேராகப் பட்டதும் வெள்ளையாகப் பூத்துவிடும். நீங்கள் பார்த்த வெள்ளைக் கோடு இதனால் வந்தது. அந்த ஒரு ஃபிரேமில் இருந்து நம்பரை எடுத்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அந்த ஃபிரேமை விட்டுவிட்டு வேறு ஃபிரேமைத் தேடுவதுதான் வழி. பைக் எங்கே வேகம் குறைந்திருக்கும்? வேகத்தடை, திருப்பம், குழி. அந்த இடத்தைப் பார்க்கும் கேமரா யார் வீட்டில், எந்தக் கடையில் இருக்கிறது என்று பாருங்கள். அறுத்துக்கொண்டு போனதை மட்டும் பார்க்காதீர்கள். அதற்கு முன் ஒரு மணி நேரத்தில் அதே பைக் இரண்டு தடவையாவது மெதுவாக நோட்டம் பார்த்துக்கொண்டு போயிருக்க வாய்ப்பு அதிகம். எங்காவது நின்றிருந்தால் இன்னும் நல்லது. வண்டி அசையாமல் நிற்கும் 16 ஃபிரேமை ஒன்றன் மேல் ஒன்று வைத்துச் சராசரி எடுத்தால் படத்தில் இருக்கும் புள்ளி புள்ளியான இரைச்சல் கால் பங்காகக் குறையும். இதில் கற்பனை எதுவும் இல்லை, அத்தனை ஃபிரேமிலும் பொதுவாக இருப்பது மட்டும் மிஞ்சுகிறது. இந்த வேலையைத் தெரிந்த டெக்னீஷியன் செய்து கொடுப்பார், காவல்துறையிலும் செய்வார்கள்.

நம்பர் அரைகுறையாகத் தெரிந்தால் நீங்களாக நிரப்பாதீர்கள். 8 போலவும் 3 போலவும் 6 போலவும் தெரிகிறது என்றால் அந்த மூன்றையும் எழுதிக் கொடுங்கள். பைக்கின் மாடல், பின்னால் இருக்கும் கம்பி, ஒரு பக்கம் உடைந்த இண்டிகேட்டர் எல்லாம் சேர்ந்தால் பாதி நம்பரே போதும்.

இனிமேல் நம்பர் பிளேட் தெரிய வேண்டும் என்றால் அதற்கென்று தனியாக ஒரு கேமரா வைக்க வேண்டும். தெரு முழுவதையும் பார்க்கும் கேமராவால் அது ஆகாது. 12 எம்எம் லென்ஸ், ஒரு வண்டி போகும் அகலம் மட்டும் பார்வை, ஷட்டர் வேகத்தை, அதாவது கேமரா கண் திறந்திருக்கும் நேரத்தை, கையால் நொடியில் 500ல் ஒரு பங்கு அல்லது 1000ல் ஒரு பங்கு என்று நிறுத்தி வைக்க வேண்டும். 500ல் ஒரு பங்கில் அதே பைக் சுமார் 1.7 சென்டிமீட்டர்தான் நகரும். படம் மொத்தமும் இருட்டாகத் தெரியும், பிளேட் மட்டும் பளிச்சென்று தெரியும். அப்படித்தான் இருக்க வேண்டும், பயப்படாதீர்கள். ஆளைப் பார்க்க இன்னொரு கேமரா பக்கத்திலேயே வையுங்கள். தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்தால் இந்தச் செலவு பெரிதில்லை.

கேள்வி: பகலில் கண்ணாடி மாதிரி தெளிவு. ராத்திரி ஆனால் பால் ஊற்றியது போல் வெள்ளையாக இருக்கிறது. கேமரா போய்விட்டதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: இல்லை ஐயா, பெரும்பாலும் சிலந்திதான். ராத்திரி ஐஆர் விளக்கு எரிந்ததும் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வரும், லென்ஸுக்கு முன்னாலேயே வலை கட்டும். அந்த வலையில் பட்டு ஐஆர் வெளிச்சம் லென்ஸுக்குள்ளேயே திரும்பி வந்துவிடுகிறது. ஏணி போட்டு யாரையாவது ஏற்றி, முதலில் ஊதித் தூசியைத் தட்டிவிட்டு, கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால் துடைக்கச் சொல்லுங்கள். வேட்டி முந்தியால் அழுத்தித் தேய்த்தால் கீறல் விழும், அப்புறம் அதுவே நிரந்தர மங்கலாகிவிடும். நீங்கள் ஏற வேண்டாம்.

துடைத்தும் போகவில்லை என்றால் மூன்று விஷயம் பாருங்கள். டோம் கேமரா என்றால் மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடி வெயிலில் மஞ்சளாகி இருக்கும், மூடியை மட்டும் மாற்றலாம். கேமராவுக்கு ஒட்டினாற்போல் சுவரோ சன்ஷேடோ இருந்தால் அதில் பட்டு வெளிச்சம் திரும்பும், கொஞ்சம் திருப்பி வையுங்கள். படத்தில் கோடு கோடாக ஓடினாலோ ஐஆர் எரிந்ததும் கேமரா அணைந்து அணைந்து வந்தாலோ அது கரண்ட் குறை. 12 வோல்ட் நீளமான வயரில் போகும்போது குறைந்துவிடும், ஐஆர் எரியும்போது கேமரா அதிகம் இழுக்கும். பவர் சப்ளையும் கேமரா வயரை இணைக்கும் பிஎன்சி முனைகளும் எப்படி இருக்கின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: போன் ஆப்பில் பார்த்தால் மங்கல், வீட்டு டிவியில் தெளிவு. ஏன்?
– வாசகர், துபாய்

பதில்: ஆப் உங்கள் டேட்டாவை மிச்சம் பிடிக்கச் சப் ஸ்ட்ரீமைக் காட்டுகிறது. திரையில் எச்டி அல்லது மெயின் என்று ஒரு பட்டன் இருக்கும், அதைத் தொடுங்கள். பதிவு நன்றாகவே இருக்கிறது, கவலை வேண்டாம்.

கேள்வி: 1080பி கேமரா என்று சொல்லித்தான் விற்றார்கள். பெட்டியிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. லைவில் நன்றாகத் தெரிகிறது, பதிவை எடுத்துப் பார்த்தால் பக்கத்து வீட்டுப் பழைய கேமரா போல் இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?
– தையல் கடை உரிமையாளர், திருப்பூர்

பதில்: கேமராவில் ஏமாற்று இல்லை, டிவிஆரைப் பாருங்கள். அதன் பெட்டியில் 1080என் என்று போட்டிருக்கிறதா? கடைசியில் இருக்கும் அந்த ஒரு எழுத்தில்தான் விஷயமே. 1080பி என்றால் 1920க்கு 1080. 1080என் என்றால் 960க்கு 1080, அதாவது குறுக்கே பாதி பிக்சலைத் தூக்கிவிட்டுப் பதிவு செய்து, காட்டும்போது இழுத்து விரித்துக் காட்டும். முகத்துக்கு 25 பிக்சல் என்று மேலே ஒரு கணக்குச் சொன்னேன், உங்களுக்கு அது 12. விலை குறைந்த டிவிஆர்கள் பலவற்றில் இதுதான் நிலைமை. 5 மெகாபிக்சல் லைட் என்று வருவதும் இதே குடும்பம்தான்.

மெனுவில் ரெக்கார்டிங் அல்லது என்கோட் பகுதிக்குப் போய் ரெசல்யூஷன் பட்டியலில் 1080பி இருக்கிறதா என்று பாருங்கள். சிலவற்றில் இருக்கும், ஆனால் தேர்ந்தெடுத்தால் ஃபிரேம் எண்ணிக்கை 12, 15க்கு இறங்கும். இறங்கட்டும். கடைக்கு 15 ஃபிரேம் தாராளம். அதே பக்கத்தில் பிட்ரேட்டையும், அதாவது பதிவாகும் வேகத்தையும் பாருங்கள். டிஸ்க் நிறைய நாள் வர வேண்டும் என்று 1 எம்பிபிஎஸ் கூட இல்லாமல் குறைத்து வைத்திருப்பார்கள். ஆள் அசையாதவரை படம் நன்றாக இருக்கும், ஓடினால் சதுரம் சதுரமாக உடையும். எச்.264 என்றால் 4, எச்.265 என்றால் 2 வையுங்கள். 1080பி வசதியே இல்லை என்றால் டிவிஆரை மட்டும் மாற்றினால் போதும், கேமராக்கள் அப்படியே இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் இரண்டு சைக்கிள் காணாமல் போயின. வீடியோவில் ஒருவன் தள்ளிக்கொண்டு போகிறான், வெள்ளைச் சட்டை, ஒல்லியான உருவம், முகம் சரியாகத் தெரியவில்லை. பேப்பர் போடும் பையன்தான் என்று பலரும் சொல்கிறார்கள். படத்தைப் பெரிதாக்கிக் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு எச்சரிக்கை செய்யலாம் என்று நினைக்கிறோம். எப்படித் தெளிவாகப் பெரிதாக்குவது?
– குடியிருப்போர் சங்கச் செயலாளர், சென்னை

பதில்: செயலாளர் அவர்களே, தயவுசெய்து போடாதீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். ஆள் கேமராவில் இருந்து 10 மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறான். முகம் பத்துப் பன்னிரண்டு புள்ளி. அதில் யாரை நினைத்துக்கொண்டு பார்க்கிறீர்களோ அவர் முகம் தெரியும். எனக்குக் காட்டினால் என் சித்தப்பா மகன் முகம் கூடத் தெரியும். பெரிதாக்கினால் புள்ளிதான் பெரிதாகும்.

வெள்ளைச் சட்டை என்கிறீர்கள். அது ராத்திரி, கறுப்பு வெள்ளைப் படம். ஐஆர் வெளிச்சம் நம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம், அதில் துணியின் நிறம் நாம் பார்க்கும் நிறமாக வராது. பாலியஸ்டர் கலந்த கறுப்புச் சட்டை, கருநீலப் பேண்ட் எல்லாம் பல நேரம் சாம்பலாகவோ வெள்ளையாகவோ தெரியும். நம்பிக்கை இல்லை என்றால் இன்று ராத்திரியே உங்கள் கேமரா முன்னால் நாலைந்து கறுப்புத் துணிகளைப் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி தெரியும்.

நேரம் பார்த்தீர்களா? வீடியோவில் 4:50 என்று இருக்கிறது, பையன் வருவது 5 மணிக்கு, அதனால்தான் அவன் மேல் சந்தேகம் என்று எழுதியிருக்கிறீர்கள். டிவிஆர் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா? ஒரு வீட்டில் இப்படித்தான், வேலைக்கார அம்மா வந்த நேரமும் நகை காணாமல் போன நேரமும் ஒத்துப்போகிறது என்று அவரை உட்கார வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் டிவிஆர் கடிகாரம் 40 நிமிடம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு பேட்டரி, சிஆர்2032 என்று பெயர், அது தீர்ந்தால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் நேரம் பிசகும். அந்த அம்மா அன்றைக்கு அழுததை நான் மறக்கவில்லை. உங்கள் பதிவில் நேரமே தப்பாக இருந்தால் உங்கள் சந்தேகத்துக்குக் காலே இல்லை.

அந்தப் பதிவில் இருந்து நேர்மையாகச் சொல்லக்கூடியதும் இருக்கிறது. எந்த வழியாக வந்தான், எந்தப் பக்கம் போனான், பூட்டை எதனால் திறந்தான், தூணில் இருக்கும் ஸ்விட்ச் பெட்டியோடு ஒப்பிட்டால் எவ்வளவு உயரம். உயரத்தை அளக்க, உங்களில் ஒருவர் அதே இடத்தில் நின்று அதே கேமராவில் பதிவு எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அதை எல்லாம் எழுதி, மூலப் பதிவோடு புகார் கொடுங்கள். குழுவில் போட்ட படத்தை அப்புறம் அழித்தாலும் அந்தப் பையன் அந்தத் தெருவில் மறுபடி பேப்பர் போட முடியாது.

கேள்வி: பதிவைப் பென்டிரைவில் கொடுத்தால் நீதிமன்றத்தில் செல்லுமா? டிவிஆரையே கொடுக்க வேண்டுமா? தெளிவாக்கிய பிரதியைக் கொடுக்கலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் நடைமுறையில் இருக்கிறது. மின்னணுப் பதிவுக்காக முன்பு 65பி சான்றிதழ் என்று சொன்னது இப்போது 63ஆம் பிரிவில் வருகிறது. நகலாகக் கொடுத்தால் அந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020ல் உச்ச நீதிமன்றம், பழைய சட்டம் இருந்தபோதே, உறுதியாகச் சொல்லிவிட்டது. புதிய சான்றிதழில் இரண்டு பகுதி. ஒன்றை அந்தக் கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் நிரப்ப வேண்டும், இன்னொன்றை நிபுணர். கூடவே ஹாஷ் மதிப்பும் எழுத வேண்டும். ஹாஷ் என்பது ஃபைலின் கைரேகை மாதிரி. ஒரே ஒரு பிக்சலை மாற்றிச் சேமித்தாலும் அது வேறாகிவிடும். மூலத்தைத் தொடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் புரிந்திருக்கும்.

டிவிஆரையே காவல்துறை கேட்டால் கொடுத்துவிட்டு, மாடல், சீரியல் நம்பர் எழுதிய ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தெளிவாக்கிய பிரதியைத் தனியாக, "இது நகலில் வெளிச்சம் கூட்டியது" என்று எழுதிக் கொடுங்கள், மூலத்துக்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள். முறையாக ஆராய வேண்டியிருந்தால் வழக்கமாகக் காவல்துறை அல்லது நீதிமன்றம் வழியாகத் தடய அறிவியல் துறைக்குப் போகும். சான்றிதழ் எழுதும் விவரத்தை உங்கள் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அது என் வேலை இல்லை.

கேள்வி: புது வீடு கட்டுகிறோம். கேட்டில் வருபவர் முகம் தெரிய என்ன கேமரா வாங்க வேண்டும்? 8 மெகாபிக்சல் வாங்கினால் போதுமா?
– வாசகி, நாமக்கல்

பதில்: மெகாபிக்சலை அப்புறம் பார்க்கலாம், முதலில் டேப்பை எடுத்து, கேமரா வைக்கும் இடத்தில் இருந்து கேட் எத்தனை மீட்டர் என்று அளந்து வையுங்கள். 2 மெகாபிக்சல் கேமராவில் முகத்துக்கு மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்றால் படத்தின் அகலம் ஏழரை மீட்டரைத் தாண்டக் கூடாது. 2.8 எம்எம் லென்ஸ் 3 மீட்டர் தூரத்திலேயே அந்த அகலத்தைத் தொட்டுவிடும். 6 எம்எம் என்றால் 8 மீட்டர், 12 எம்எம் என்றால் 16, 17 மீட்டர். உங்கள் கேட் 7, 8 மீட்டரில் இருந்தால் 6 எம்எம் லென்ஸ் போட்ட 2 மெகாபிக்சலே போதும். 8 மெகாபிக்சலில் 2.8 எம்எம் போட்டால் செலவு கூடுமே தவிர கேட்டில் பெரிய வித்தியாசம் இருக்காது, இரவில் வெளிச்சம் குறைவாக இருக்கும்போது சின்னச் சின்ன பிக்சல்கள் இன்னும் திணறும். கேட்டுக்கு மேலே சாதாரண எல்இடி பல்பு ஒன்று ராத்திரி முழுக்க எரியட்டும். நான் பார்த்தவரை அந்தப் பல்பு செய்யும் வேலையை எந்த விலை உயர்ந்த கேமராவும் செய்ததில்லை.

கேமராவை மாடி உயரத்தில் மாட்டச் சொல்வார்கள், யாரும் உடைக்க மாட்டார்கள் என்று. அங்கிருந்து தலை உச்சியும் தொப்பியும்தான் தெரியும். கேட் கேமரா இரண்டே கால், இரண்டரை மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். மாடியில் வேண்டுமானால் சுற்றிலும் பார்க்க இன்னொன்று வையுங்கள்.

மாட்டுகிறவருக்கு முழுப் பணத்தையும் அன்றைக்கே கொடுத்துவிடாதீர்கள். ராத்திரி 9 மணிக்கு விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, வீட்டில் ஒருவரைக் கேட்டைத் திறந்துகொண்டு வேகமாக நடந்து வரச் சொல்லுங்கள், ஒருவரை பைக்கில் வரச் சொல்லுங்கள். லைவில் பார்க்க வேண்டாம். மறுநாள் அந்தப் பதிவைப் பென்டிரைவில் எடுத்து, கேமராவை மாட்டியவர் முன்னாலேயே கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். முகம் தெரிந்தால் மீதிப் பணத்தைக் கொடுங்கள்.